தாய்ச்சி கற்க முதலில் நிற்கப் பழகுங்கள்

தாய்ச்சி என்ற சீனத் தற்காப்புக் கலையின் வகுப்புக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் அந்த மெதுவான கையசைவைப் பார்த்து மயங்கித்தான் வருகிறார்கள். முதல் நாளே கையைத் தூக்கிப் பார்க்க ஆசை. ஆனால் இந்தக் கலையில் கை கடைசியில்தான் வரும். பாதத்தில் வேர் பிடித்து, காலில் ஏறி, இடுப்பில் திரும்பி, விரலில் வெளிப்படுவது என்றுதான் சீனத்துப் பழைய தாய்ச்சிப் பாடங்கள் இதைச் சொல்கின்றன. காலில் இருக்கும் ஒரே குறை இடத்துக்கு இடம் வேறு முகம் காட்டும். நிற்கும்போது அது முழங்கால் வலி. ஃபார்ம் (வரிசையாகத் தொடுத்த அசைவுகள்) செய்யும்போது தள்ளாட்டம். துணையோடு கை சேர்த்துத் தள்ளும்போது இருந்த இடத்திலிருந்து பெயர்ந்து போவது. ஒருவர் நிஜமாகவே சட்டையைப் பிடித்தால் விறைத்துப்போய் நிற்பது. நான்கையும் தனித்தனியாகச் சரிசெய்ய முயன்றால் வருடக்கணக்கில் இழுக்கும். நிற்கும் பயிற்சியில் சரிசெய்தால் மற்றவை பாதி தானாகவே சரியாகும்.

நிற்கும் பயிற்சிக்குச் சீனத்தில் ஜான்ஜுவாங் என்று பெயர். நட்ட கம்பம் போல் நிற்பது என்று பொருள். 1920களில் யீச்சுவான் என்ற கலையை உருவாக்கிய வாங் ஷியாங்ஜாய், ஃபார்ம்களை ஏறத்தாழ ஒதுக்கிவிட்டு நிற்பதையே நடுவில் வைத்தார். தாய்ச்சிக்காரர்களும் சீகுங் (மூச்சும் அசைவும் சேர்ந்த சீன உடற்பயிற்சி) செய்பவர்களும் இதைத் தங்கள் முதல் பாடமாக வைத்திருக்கிறார்கள்.

எப்படி நிற்பது? குதிகால்களைச் சேர்த்து வையுங்கள். கால் விரல்களை 45 பாகை வெளியே விரியுங்கள். பிறகு குதிகால்களை வெளியே தள்ளி இரண்டு பாதங்களையும் இணையாக்குங்கள். ஏறக்குறைய உங்கள் தோள் அகலம் கிடைத்துவிடும். எடை குதிகால், பெருவிரலின் அடி, சுண்டுவிரலின் அடி என்ற மூன்று இடங்களில் முக்காலி போல உட்கார வேண்டும். முழங்காலை லேசாகத் தளர்த்துங்கள். குனிந்து பார்த்தால் முழங்காலுக்கு அப்பால் விரல்நுனி தெரிய வேண்டும். முழங்கால் இரண்டாம் விரலின் திசையையே பார்க்க வேண்டும். இடுப்பு சரியாக இருக்கிறதா என்று தெரிய, சுவரில் முதுகை ஒட்டி நின்று பாருங்கள். கீழ் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே உள்ளங்கை தாராளமாக நுழைந்தால் இடுப்பு முன்னால் வளைந்திருக்கிறது. முழங்காலை மெல்ல மடக்கி, வால் எலும்பு கீழே தொங்குவதாக விட்டால் அந்த இடைவெளி குறையும். அந்த உணர்வை மனதில் வைத்துக்கொண்டு சுவரை விட்டு வாருங்கள். வயிற்றை எக்கியோ பின்புறத்தை இறுக்கியோ இதைச் செய்யக்கூடாது. தளர்வதால் வர வேண்டும்.

இனி கை. பெரிய குடம் ஒன்றை மார்புக்கு முன்னால் அணைத்திருப்பது போல வட்டமாக வையுங்கள். விரல்நுனிகளுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி. முழங்கை தோளுக்குக் கீழே, கொஞ்சம் கனத்துத் தொங்க வேண்டும். அக்குளில் ஓர் எலுமிச்சம்பழம் விழாமலும் நசுங்காமலும் இருக்குமளவு இடம். மோவாய் சற்றே உள்ளே. உச்சந்தலையை யாரோ ஒரு நூலில் கட்டித் தூக்கிப் பிடித்திருப்பது போல. நாக்குநுனி மேல்பல் வரிசைக்குப் பின்னால் அண்ணத்தைத் தொட்டிருக்கட்டும். மூச்சை மூக்கு வழியாக, அது வரும்படியே விடுங்கள். கண்ணை முழுக்க மூடினால் புதியவர்களுக்கு ஆட்டம் கூடும். பாதி திறந்து எதிரே இருக்கும் தரையைப் பாருங்கள்.

முதல் வாரம் மூன்று நிமிடம், காலையும் மாலையும். பிறகு நான்கு நாளுக்கு ஒரு நிமிடம் கூட்டினால் இரண்டு மாதத்தில் 15 நிமிடத்தைத் தொடலாம். முதல் நாளே அரை மணி நேரம் நின்று காட்டியவர்களில் பலர் இரண்டாம் வாரம் வருவதில்லை. நேரத்தைக் கூட்டுவதில் பெருமை வேண்டாம். தோள் ஏறிப்போய் நிற்கும் 20 நிமிடம், தோள் தொங்கி நிற்கும் ஐந்து நிமிடத்துக்குச் சமமாகாது.

தொடை நடுங்கினால் பயப்பட வேண்டாம். களைத்த தசை நார்கள் மாறிமாறி வேலை செய்வதால் வருவது அது. தோள் எரிந்தால் கை உயரம் அதிகம். தொப்புள் மட்டத்துக்கு இறக்கி, அங்கேயே ஒரு மாதம் பழகுங்கள். இதய நோயோ உயர் ரத்த அழுத்தமோ உள்ளவர்கள், மருத்துவரிடம் கேட்டபின், எப்போதும் அந்த உயரத்திலேயே செய்வது நல்லது. கீழ் முதுகு வலித்தால் மறுபடி சுவருக்குப் போங்கள். உள்ளங்கையில் சூடும் ஊறலும் வரும். ரத்த ஓட்டம் கூடுவதால் வருவதுதான். அதைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள், வந்தால் வரட்டும்.

முழங்கால் வலி மட்டும் வேறு. அதைப் பொறுத்துக்கொண்டு நிற்கவே கூடாது. முழங்கால் உள்ளே சரிந்திருக்கும், அல்லது எடை முழுக்க விரல் பக்கம் போயிருக்கும். ஒரு அங்குலம் நிமிர்ந்து, எடையைக் குதிகால் பக்கம் கொஞ்சம் தள்ளுங்கள். வலி போகவில்லை என்றால் அன்றைக்கு அவ்வளவுதான். தலை சுற்றினாலும் அப்படியே. முழங்காலைப் பூட்டி நின்றதும், தன்னை அறியாமல் மூச்சை அடக்கியதும், வெறும் வயிற்றோடு வந்ததும் வழக்கமான காரணங்கள். முடிக்கும்போது கையைச் சட்டென்று போடாமல், மெல்ல இறக்கி அடிவயிற்றின் மேல் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, ஒரு நிமிடம் நின்று, பிறகு நடங்கள்.

நிற்பதோடு சேர்த்துப் பழக மிகவும் ஏற்றது பாத்வான்ஜின். எட்டுப் பட்டுத்துண்டுகள் என்று பொருள். பழமையான சீகுங் வரிசை. 2003இல் சீன அரசு இதற்கு ஒரு பொது வடிவம் வகுத்தது. இன்று பல இடங்களில் கற்றுத் தருவது அதுதான். எட்டு அசைவையும் ஆறு ஆறு தடவை செய்தால் 12 முதல் 15 நிமிடம் ஆகும். எட்டையும் இங்கே விவரிக்கப் போவதில்லை. தவறு நடக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன். முதல் அசைவில், கோத்த கைகளை வானத்தை நோக்கித் தள்ளும்போது எல்லோரும் மூச்சைப் பிடித்து விலா எலும்பை முன்னால் துருத்துகிறார்கள். நிற்கும் பயிற்சியில் பழகிய இடுப்பு அங்கேயே கலைந்துவிடுகிறது. கை எட்டும் உயரம் இரண்டு அங்குலம் குறைந்தாலும் பரவாயில்லை, விலா உள்ளே இருக்கட்டும். நான்காவது, பின்னால் பார்ப்பது: கழுத்தும் கண்ணும் தான் திரும்ப வேண்டும், தோள் சதுரமாக முன்னாலேயே இருக்க வேண்டும். ஆறாவதில் குனிந்து பாதத்தைப் பிடிப்பார்கள். டிஸ்க் பிரச்சினை உள்ளவர்கள் முழங்காலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எட்டாவதில் குதிகாலைத் தூக்கித் தரையில் லேசாகத் தட்டி இறக்குவது வரும். இரண்டு விரற்கடை உயரம் போதும். எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் தட்டாமல் சத்தமில்லாமல் இறக்கலாம்.

அடுத்தது நடை. ஃபார்மைவிட இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பல வகுப்புகளில் இதை ஒரே நாளில் காட்டிவிட்டு ஃபார்முக்குத் தாவிவிடுகிறார்கள்.

வலது காலில் முழு எடையையும் வைத்து, முழங்காலை மடக்கி உட்காருவது போல் தாழுங்கள். இடது காலைத் தூக்கி, முன்னால் குதிகாலை மட்டும் தரையில் வையுங்கள். அந்தக் காலில் எடையே இருக்கக்கூடாது. இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி, அதே நொடியில் அந்தக் காலைத் திரும்பத் தூக்குவது. உடம்பு பின்னால் சாயாமல், வலது காலில் புதிதாக எந்த முயற்சியும் இல்லாமல் தூக்க முடிந்தால் சரி. முடியவில்லை என்றால் விழுந்து விழுந்து நடக்கிறீர்கள். அடியைக் குறைத்து வையுங்கள். பிறகு குதிகாலிலிருந்து விரல்வரை பாதத்தை உருட்டி, முன்காலுக்கு ஏறத்தாழ 70 சதவீத எடையை மாற்றுங்கள். இதுதான் வில் நிலை. இரண்டு பாதமும் ஒரே கோட்டில் வந்தால் கயிற்றில் நடப்பவர் போல ஆடுவீர்கள். ரயில் தண்டவாளத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு கால் இருப்பது போல, பக்கவாட்டில் ஒரு பாத நீளமாவது அகலம் வேண்டும்.

தாய்ச்சியில் முழங்கால் கெடுவது பெரும்பாலும் திரும்பும் இடத்தில்தான். எடை நிற்கும் காலின் பாதத்தை அப்படியே திருப்புகிறார்கள். பாதம் தரையைப் பிடித்திருக்க, தொடை திரும்ப, நடுவில் மாட்டிய முழங்கால் முறுக்கப்படுகிறது. முழங்கால் மடங்கி நிமிர அமைந்த மூட்டு. திருகுவதற்கு அதில் இடம் மிகக் குறைவு. எனவே எடையை முதலில் பின்காலுக்கு மாற்றுங்கள், காலியான முன்பாதத்தைக் குதிகாலில் திருப்புங்கள், பிறகு எடையைத் திரும்ப ஏற்றுங்கள். திருப்பம் தொடை இடுக்கிலிருந்து வர வேண்டும். சீனத்தில் குவா என்று அழைப்பது அந்த மடிப்பைத்தான். விரலை அங்கே வைத்துக்கொண்டு திரும்பிப் பாருங்கள், மடிப்பு விரலைக் கவ்வினால் சரியான மூட்டு வேலை செய்கிறது. காலணியும் முக்கியம். ஓட்டப் பயிற்சிக்கான தடித்த ரப்பர் ஷூ சிமென்ட் தரையைக் கவ்விப் பிடிக்கும். முறுக்கு முழுக்க முழங்காலுக்கு வரும். மெல்லிய, தட்டையான அடி உள்ள கேன்வாஸ் ஷூ போதும்.

தாய்ச்சி முதியவர்களுக்கு எவ்வளவு உதவும் என்பதற்கு ஒரு நல்ல ஆய்வு உண்டு. பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, வாரம் இரண்டு முறை, ஒரு மணி நேரம், 24 வாரம் பயிற்சி கொடுத்தார்கள். 2012இல் வெளியான முடிவில், தாய்ச்சி செய்தவர்கள் உடல் நீட்டல் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடக் குறைவாக விழுந்தார்கள். நிற்கும் நிதானமும் கூடியிருந்தது. நோய் குணமாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். விழாமல் இருப்பதே முதுமையில் பெரிய பேறு.

எந்த ஃபார்ம் கற்பது என்று கேட்பார்கள். தாய்ச்சியின் தெளிவான வரலாறு ஹெனான் மாநிலத்தின் சென் கிராமத்தில் தொடங்குகிறது. அங்கே கற்ற யாங் லூச்சான், 19ஆம் நூற்றாண்டில் பெய்ஜிங்கில் கற்பித்துப் பெயர் பெற்றார். அவருடைய பேரன் யாங் செங்ஃபூ பரப்பிய பெரிய, சீரான, மெதுவான வடிவம்தான் இன்று பூங்காக்களில் நாம் பார்ப்பது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் தமிழர்கள் காலை நடைக்குப் போகும்போது தினமும் கண்டிருப்பார்கள். 1956இல் சீன விளையாட்டு ஆணையம் அதிலிருந்து 24 அசைவுகளைத் தொகுத்தது. செய்ய ஐந்தாறு நிமிடம்தான். வாரம் இரண்டு வகுப்பு என்றால் நான்கு மாதத்தில் வரிசை மனப்பாடமாகும். புதியவர்களுக்கு இதுவே போதும். சென் பாணியில் தாழ்ந்த நிலைகளும் திடீர் வெடிப்பும் உண்டு. முழங்கால் பலமுள்ளவர்கள் போகலாம். சுன் பாணியில் நிமிர்ந்தே நின்று, பின்காலும் கூடவே தொடர்ந்து வரும். மூட்டு வலி உள்ளவர்களுக்கு அது இதம்.

யாங் பாணியின் மையமாக இருப்பது குருவி வாலைப் பிடித்தல் என்ற பகுதி. பெங், லூ, ஜி, ஆன் என்ற நான்கு விசைகளும் அதில் வரிசையாக இருக்கின்றன. பெங் என்றால் காற்றடைத்த பந்து போல உடம்பெங்கும் வெளிநோக்கி இருக்கும் மிருதுவான அழுத்தம். நிற்கும் பயிற்சியில் அணைத்திருந்த குடம் நினைவிருக்கிறதா, அதே வட்டம்தான். லூ என்றால் வருவதை வரும் திசையிலேயே கொஞ்சம் விலக்கி வழியனுப்புவது. ஜி ஒரு கையின் மேல் மறு கையை வைத்து நெருக்குவது. ஆன் கீழே அமுக்கித் தள்ளுவது.

இவை வெறும் பெயர்களாக இல்லாமல் உடம்பில் ஏறுவது துய்ஷோவில்தான். தள்ளும் கை என்று பொருள். ஒற்றைக் கையில் தொடங்குங்கள். இருவரும் எதிரெதிரே வலது காலை முன்வைத்து, வலது புறமணிக்கட்டுகளைத் தொடவிட்டு நிற்கிறார்கள். ஒருவர் மார்பை நோக்கி மெல்லத் தள்ளுகிறார்; மற்றவர் பின்காலில் உட்கார்ந்து, இடுப்பைத் திருப்பி, அந்த விசையைத் தன் பக்கவாட்டில் போகவிட்டு, வட்டத்தை முடித்துத் திரும்பத் தள்ளுகிறார். தொடுகையின் கனம், தோலின் மேல் ஒரு வெற்றிலையை விழாமல் பிடித்திருக்கும் அளவு. அதற்குமேல் போனால் எதிராளிக்கு உங்கள் தோள்வரை தெரிந்துவிடும். கீழே போனால் அவரை நீங்கள் இழந்துவிடுவீர்கள்.

பழைய பாடங்கள் இங்கே நான்கு பிழைகளை எச்சரிக்கின்றன: முட்டுவது, சப்பிப்போவது, விட்டுவிடுவது, எதிர்ப்பது. ஆண்கள் பெரும்பாலும் முட்டுகிறார்கள். மென்மை என்றால் தளர்ச்சி என்று எடுத்துக்கொண்டவர்கள் சப்பிப்போகிறார்கள். முழங்கை விலாவில் ஒட்டிக்கொள்கிறது, பிறகு திருப்ப இடமே இல்லை. அக்குளின் எலுமிச்சம்பழம் இங்கேதான் கைகொடுக்கும். இன்னொன்று இரட்டைச் சுமை. இரண்டு காலிலும் சம எடை வைத்து நிற்பவரைத் தள்ளினால் அவரால் திரும்ப முடியாது. அலமாரி போல அப்படியே பின்னால் போவார். ஒரு கால் நிறைந்து மறு கால் காலியாக இருந்தால், கதவு கீலில் திரும்புவது போல உடம்பு திரும்பும். முன்பு நடையில் காலைத் தூக்கிப் பார்த்த சோதனையைத் துய்ஷோவின் நடுவிலும் செய்து பாருங்கள். ஆசிரியர் திடீரென்று “முன்காலைத் தூக்குங்க” என்று சொல்வார். பின்காலில் உட்கார்ந்திருப்பதாக நினைத்த பாதிப் பேருக்கு அப்போது கால் வராது.

நாலு லியாங் விசையால் ஆயிரம் ஜின் எடையைத் திருப்பலாம் என்பது இந்தக் கலையின் புகழ்பெற்ற வாசகம். இன்றைய அளவில் ஒரு லியாங் 50 கிராம், ஒரு ஜின் அரைக் கிலோ. வலுவே வேண்டாம் என்று இதற்குப் பொருள் சொல்பவர்கள் ஏமாற்றுகிறார்கள். திசை திருப்பத்தான் நாலு லியாங். திருப்பியபின் தள்ளுவதற்குக் கால் வேண்டும்.

தற்காப்புக்கு வருவோம். 2017 ஏப்ரலில் செங்து நகரில் ஷு ஷியாவ்டோங் என்ற எம்எம்ஏ (கலப்புத் தற்காப்புக் கலை) வீரர், தாய்ச்சி ஆசிரியர் ஒருவரைச் சில நொடிகளில் வீழ்த்தினார். காணொளி உலகெங்கும் பரவியது. தாய்ச்சி பொய் என்று சிலர், அது உண்மையான தாய்ச்சி அல்ல என்று சிலர். நமக்கு வேண்டிய பாடம் எளியது: எதிர்க்கும் ஆளோடு பழகாத எந்த அசைவும், எதிர்க்கும் ஆளிடம் வேலை செய்யாது. தொடாமலேயே மாணவரைத் தூக்கி எறியும் வித்தை காட்டப்பட்டால், அன்று முதல்முறை வந்திருக்கும் ஒருவரிடம் அதைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

மணிக்கட்டுப் பிடியை எடுத்துக்கொள்வோம். எதிரே நிற்பவர் தன் இடது கையால் உங்கள் வலது மணிக்கட்டைப் பிடிக்கிறார். எல்லோரும் முதலில் செய்வது கையைப் பின்னால் இழுப்பது. அப்போது நான்கு விரலோடு மல்லுக்கட்டுகிறீர்கள். அவரும் கூடவே வருவார். பிடியின் பலவீனமான இடம் கட்டைவிரல் நுனிக்கும் மற்ற விரல்நுனிகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி. உங்கள் முன்கையின் கட்டைவிரல் பக்க விளிம்பை அந்த இடைவெளிக்கு நேராகத் திருப்புங்கள். கையை இழுக்காமல், அரை அடி முன்னால் போய், உங்கள் முழங்கையை அவருடைய முழங்கையை நோக்கிக் கொண்டுபோங்கள். கூடவே இடுப்பு இடப்பக்கம் திரும்ப, உங்கள் கை எதிர்த் தோள் பக்கம் எழும்பும். பிடி தானாகத் திறக்கும். வரவில்லை என்றால் தொண்ணூறு சதவீதம் காரணம், தோள் ஏறியிருப்பதும் முழங்கை வெளியே விரிந்திருப்பதும்தான்.

இரண்டு கையாலும் மார்பில் தள்ளினால் அது லூவுக்கு உரிய இடம். பின்காலில் உட்கார்ந்து ஒரு பக்கம் காலியாகத் திரும்புங்கள். அவருடைய முழங்கைக்குச் சற்று மேலே ஒரு கையும் மணிக்கட்டில் மறு கையும் தொட்டுக்கொண்டு போகட்டும். பிடுங்கி இழுக்கத் தேவையில்லை, அவர் கொண்டுவந்த வேகமே அவரைக் கடத்திவிடும். பிறகு விலகி நடந்துவிடுங்கள். சுழற்றி வரும் குத்துக்குப் பின்வாங்கினால் குத்து முழு வேகத்தோடு வந்து சேரும். மோவாயை இறக்கி, இரு முன்கைகளையும் பெங் வட்டத்தில் தலைக்கு முன்னால் எழுப்பி, வளைவுக்கு உள்ளே நுழைய வேண்டும். கத்தி தெரிந்தால் ஓடுவதைத் தவிர வேறு பாடம் எதையும் நான் சொல்ல மாட்டேன்.

பழகும் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் எது வரும், எந்தப் பக்கம் வரும் என்று தெரிந்து, கால்வாசி வேகத்தில் 20 தடவை. அடுத்து எது என்று தெரியும், பக்கம் தெரியாது. கடைசியாக எதுவுமே தெரியாமல், நேரமும் தெரியாமல். வேகம் கூடும்போது பாக்ஸிங் கையுறையும் பல்காப்பும் கட்டாயம். முதல் படியில் அழகாக வந்தது மூன்றாம் படியில் கலைந்தால், மறுபடி முதல் படிக்கு இறங்குங்கள். மூட்டுப் பூட்டு (எதிராளியின் மூட்டைத் திருகி அசையவிடாமல் பிடிப்பது) எதைப் பழகினாலும் எதிராளி போதும் என்று ஒருமுறை தட்டியதும் விட்டுவிட வேண்டும்; “இன்னும் கொஞ்சம்தான்” என்று அமுக்கிய மணிக்கட்டு ஆறு வாரத்துக்கு உதவாது.

இந்தப் பயிற்சி முடிந்தபின் நெஞ்சு படபடக்க, தோள் காதுவரை ஏறியிருக்கும். உடனே வீட்டுக்குப் போகாமல், கையைத் தொப்புள் மட்டத்தில் வட்டமாக வைத்து ஐந்து நிமிடம் நில்லுங்கள். எந்தக் கால் அதிகம் நடுங்குகிறது என்று கவனியுங்கள். அடுத்த வகுப்பில் ஒற்றைக்கை துய்ஷோவை அந்தக் காலைப் பின்காலாக வைத்துத் தொடங்குங்கள்.